நூற்றைந்து டிகிரியில் பிறந்த கனிமம்

எனக்கு மன்னிக்கிற குணம் கிடையாது. மண்ணூரில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அம்மா இதற்காகவே ஞாயிறு பூசையில் எனக்கென்று தனியாக வேண்டிக்கொள்வாள். பலன் இல்லை.

ஜியாலஜியில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு ஒரகடத்தில் லாரி ஆக்ஸில் செய்யும் ஒரு கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். மலை ஏறப் படித்தவள் மணலை எடை போட்டுக்கொண்டிருந்தேன். வார்ப்பு மணல், உடைந்த ஆக்ஸில், கட்டடம் கட்டும் இடத்து மண் என்று சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளிலிருந்து எது எதுவோ வரும். எது வந்தாலும் முதல் வேலை ஒன்றுதான்: நூற்றைந்து டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்து ஈரத்தை எடுக்க வேண்டும். இந்த நடைமுறை ஒரு தாளில் அச்சாகி ஓவனுக்கு மேலே ஒட்டியிருக்கும். கீழே கூடத்தின் தலைவர் கையெழுத்து. உலோகவியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். எங்களுக்கெல்லாம் வெறும் ‘சார்’.

வடக்குப்பட்டில் புதிதாக ஒரு தொழிற்சாலைக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள். பாறையின் பலம் பார்க்க மாதிரி எடுத்துவர என்னை அனுப்பினார் சார். குழியின் ஒரு பக்கச் சுவரில், கருங்கல்லுக்கு நடுவே பெரிய பெரிய படிகங்களோடு வெளிறிய பட்டை ஒன்று ஓடியது. அதன் விரிசலில் நக அகலத்துக்கு மஞ்சள் செதில்கள் ஒட்டியிருந்தன. என் பையில் புற ஊதா டார்ச் இருந்தது. ஆக்ஸிலில் மயிரிழை விரிசல் தேடுவதற்கு நாங்கள் வைத்திருப்பது. துப்பட்டாவைத் தலையோடு போர்த்தி இருட்டாக்கிக்கொண்டு டார்ச்சை அடித்தேன். செதில்கள் பச்சையாக எரிந்தன. யுரேனியம் கலந்த சில கனிமங்கள் அப்படித்தான் ஒளிரும் என்று படித்திருக்கிறேன், கண்ணால் பார்த்ததில்லை.

ஜேசிபி ஓட்டுகிறவர் இறங்கி வந்து, என் துப்பட்டாவுக்குள் எட்டிப் பார்த்தார்.

“இன்னாமா இது, கல்லு மின்னிக்கினு கீது?”

“தெரியலண்ணா. அதான் பாக்கணும்.”

அவரே கடப்பாரையால் நெம்பி இரண்டு துண்டுகள் எடுத்துக் கொடுத்தார். ஒன்றைக் காகிதத்தில் சுற்றினேன். மற்றது உதிர்கிற மாதிரி இருந்ததால், குழிச் சேற்றோடு சேர்த்து என் ஊறுகாய் பாட்டிலில் போட்டு இறுக்கி மூடினேன். யுரேனியம் என்றால் அரசாங்கத்துக்குச் சொல்லியாக வேண்டும், சொன்னோம். இரண்டு பேர் கதிரியக்க மீட்டரோடு வந்து பார்த்துவிட்டு, இது ஒரு பிடி கூடத் தேறாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அடுத்த மாதமே குழியில் கான்கிரீட் ஊற்றிவிட்டார்கள். அந்த மஞ்சள் செதில் இனி என்னிடம் இருப்பதுதான்.

காகிதத்தில் சுற்றிய துண்டைப் பழக்க தோஷத்தில் ஓவனில் வைத்து எடுத்து, பிறகு எக்ஸ்ரே கருவியில் வைத்தேன். ஒவ்வொரு கனிமத்துக்கும் கைரேகை மாதிரி தனிக் கோடுகள் உண்டு. இதன் கோடுகள் உலகத்துப் பட்டியலில் எதனோடும் பொருந்தவில்லை. யுரேனியம், பாஸ்பரஸ், கொஞ்சம் மாங்கனீஸ். சாரிடம் ஓடினேன். கஸ்டமர் வேலை முதலில், கல்லெல்லாம் அப்புறம் என்றார். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வேலை செய்தேன். கோவிலுக்கு வராமல் கம்பெனிக்குப் போகிறாளே என்று அம்மா புலம்பினாள். எட்டு மாதம். நிறம், அடர்த்தி, ஒளியை முறிக்கும் அளவு என்று ஒரு புதுக் கனிமத்தை விவரிக்க என்னென்ன வேண்டுமோ அத்தனையும் ஒரு கோப்பில் சேர்த்து சாருக்கு அனுப்பினேன், திருத்திக் கொடுப்பார் என்று.

நன்றாகத் திருத்தினார். ஒருநாள் பிரிண்டரில் என் வேறொரு ரிப்போர்ட்டோடு சேர்ந்து ஒரு விண்ணப்பம் வந்து விழுந்தது. புதுக் கனிமங்களை ஏற்றுக்கொள்கிற சர்வதேசக் குழுவுக்குப் போன விண்ணப்பம். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் சார் பெயர், துணைக்கு ஏதோ ஒரு கல்லூரியிலிருக்கும் அவர் நண்பர் பெயர். உள்ளே இருந்ததெல்லாம் என் வாக்கியங்கள், என் படங்கள். கடைசியில் நன்றி என்ற இடத்தில் ‘ஆய்வக ஊழியர்கள்’. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

தாளோடு அவர் அறைக்குப் போனேன். அவர் கோபப்படக்கூட இல்லை.

“மெஷின் கம்பெனியோடது. கரண்ட் கம்பெனியோடது. நீ ஓட்டின, அவ்வளவுதானேம்மா. லேத் ஓட்டறவன் பேரையா ஆக்ஸில்ல அடிக்கிறோம்?”

அன்றைக்கு நான் அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அழவில்லை. எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது.

பாட்டில் துண்டை எடுத்தது அந்த வாரத்தில்தான். அதுவாவது என்னுடையதாக இருக்கட்டும் என்ற ஆத்திரத்தில், ஒரு செதிலைச் சேற்றிலிருந்து கழுவி எடுத்து, காயவிடாமல் அப்படியே கருவியில் வைத்தேன். கோடுகள் வேறு இடத்தில் விழுந்தன. மறுபடியும் வைத்தேன். அதே கோடுகள். அப்போதுதான் புரிந்தது. இந்தக் கனிமம் அடை அடுக்கியது போல இருக்கும்; தட்டுகளுக்கு நடுவே தண்ணீர் உண்டு. ஓவனில் வைத்தால் அந்தத் தண்ணீர் போய்விடும், தட்டுகள் நெருங்கிவிடும், கோடுகளும் மாறிவிடும். எந்த ஜியாலஜி மாணவியும் இந்த வகைக் கனிமத்தைச் சூடாக்கமாட்டாள். தினமும் மணலைக் காயவைத்துப் பழகிய நான் சூடாக்கினேன். வடக்குப்பட்டுப் பாறையில் இருந்தது வேறு. அதுவும் புதிதுதான். சார் அனுப்பியதோ பூமியில் எங்கும் இல்லாதது. எங்கள் ஓவனில் பிறந்தது.

தப்பு என்னுடையது. அதை மறைக்கவில்லை. சொல்லிவிடத்தான் போனேன். சார் அறைக் கதவில் கை வைத்தபோது, அவர் போனில் யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தார். கண்டுபிடித்தவர் தன் பெயரையே வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதியாம், அதனால் கனிமத்துக்கு முதலாளியின் பெயரை வைக்கப் போகிறாராம். கூடத்துப் பெண் ஒருத்தி கொஞ்சம் முறுக்கிக்கொண்டாள், சரிக்கட்டிவிட்டேன் என்றார். கதவிலிருந்து கையை எடுத்தேன். பெயரை எடுத்துக்கொண்டவர் தப்பையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். அன்று மத்தியானச் சாப்பாடு எனக்கு ருசியாக இருந்தது.

குழுவின் முடிவு வருவதற்குள்ளேயே அவர் ஒரு கருத்தரங்கில் பேசி, கட்டுரையை அதன் மலரில் அச்சேற்றியும் விட்டார். முதலாளி எல்லா லைனுக்கும் லட்டு கொடுத்தார். நானும் ஒன்று தின்றேன். அதற்குள் ஸ்ரீபெரும்புதூரில் வேறு ஒரு கம்பெனியில் வேலை தேடிக்கொண்டு விலகிவிட்டேன். பாட்டில் என்னோடு வந்தது.

ஆறு மாதம் கழித்து சாரிடமிருந்து போன் வந்தது. குரல் இறங்கியிருந்தது. குழு ஒரே ஒரு கேள்வி கேட்டு விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டதாம்.

“அந்த சாம்பிளை நீ ஓவன்ல வச்சியாம்மா?”

“எல்லா சாம்பிளும் வைக்கிறதுதானே சார். சுவத்துல ஒட்டியிருக்கே, நீங்க கையெழுத்துப் போட்டது.”

அந்தக் கல்லில் வேறு துண்டு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை சார், எல்லாம் தீர்ந்துவிட்டது என்றேன். பாட்டில் அப்போது என் மேஜை மேல்தான் இருந்தது.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். எனக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம், பூமியில் ஒரு துண்டு போதும். என் பழைய கல்லூரிப் பேராசிரியையிடம் பாட்டிலைக் கொண்டுபோனேன். ஈரம் குறையாமல் எல்லாவற்றையும் மறுபடி அளந்தோம். விண்ணப்பத்தில் என் பெயரை முதலில் போட்டதும் அவர்தான், நான் கேட்கவில்லை. குழு ஏற்றுக்கொண்டது. கனிமத்துக்கு வடக்குப்பட்டைட் என்று பெயர். ஜேசிபி அண்ணனைத் தேடிப்போய்ச் சொன்னேன். ஊர்ப் பேரா, பரவாயில்லையே என்றார்.

அதை விவரித்து நாங்கள் எழுதிய கட்டுரையில் ஒரு பத்தி உண்டு. முன்பு இதைப் பற்றித் தவறாக அச்சானது எதுவோ அதைச் சொல்லிவிட்டுத்தான் புதியதை விவரிக்க வேண்டும். இந்தத் துறையில் அது மரபு. ஓவனில் உலர்த்திய பொருளை இயற்கைக் கனிமம் என்று இன்னார் விவரித்தார், அது கனிமமே அல்ல என்று எழுதினேன். ஓவனுக்குள் வைத்த கை யாருடையது என்று எழுதவில்லை. அவர் கட்டுரையில் அந்தக் கை கிடையாதே.

சார் எப்படியோ கேள்விப்பட்டு வந்துவிட்டார். என் கம்பெனிக்கு வெளியே டீக்கடையில் காத்திருந்தார். அவரை ஸ்டோர்ஸுக்கு மாற்றிவிட்டார்களாம். முதலாளி முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். கட்டுரையைக் குறிப்பிடு, பெயரை மட்டும் விட்டுவிடு என்றார். அப்படிச் செய்ய வழியும் இருந்தது. ‘முந்தைய ஓர் அறிக்கை’ என்று போட்டு, பின்னால் இருக்கும் மேற்கோள் பட்டியலுக்கு ஓர் எண் கொடுத்தால் போதும் என்று பேராசிரியையே சொல்லியிருந்தார்.

“என் பொண்ணு பிஎச்.டி. சேரப் போறாம்மா. என் பேரைத் தேடினா மொதல்ல இதுதான் வரும்.”

“என் பேரைத் தேடினா இத்தனை நாளா ஒண்ணுமே வரல சார்.”

டீ குடித்து முடிக்கும் வரை எனக்கு அவர் மேல் இரக்கமாக இருந்தது. கிளாஸைக் கீழே வைத்ததும், அந்த லேத் பேச்சு ஞாபகத்துக்கு வந்தது. யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அச்சுக்குப் போகும் முன் கடைசித் திருத்தத்துக்காகப் பக்கங்கள் வந்தன. இரண்டு நாள் கெடு. இரண்டாம் நாள் அந்தப் பத்தியைத் திறந்தேன். அவர் பெயர் இனிஷியல் இல்லாமல் மொட்டையாக இருந்தது. அதே பெயரில் எத்தனையோ பேர் இருப்பார்கள், ஒரு பாவமும் அறியாதவர்கள். யார் மேலும் வீண்பழி விழக் கூடாது. அவருடைய இனிஷியல் இரண்டையும் சேர்த்து அனுப்பிவைத்தேன்.