சில்வர்டவுனில் ஒரு பங்கர்

என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுச் சைக்கிள் கடையில் ஒட்டுப்போடப் போனவன் நான். பேசச் சொன்னால் இதைவிட மோசம். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் திறவாது. அதனால்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன கிழமை சாமான் இறக்குவதற்காக வான் வண்டியில் கிழக்கு லண்டனின் சில்வர்டவுன் பக்கம் போனேன். பாலம் தாண்டிக் கண்ணாடியை இறக்கியதும் அந்த மணம் வந்தது. அடிப்பிடித்த சீனிப்பாகு மணம். ஆற்றங்கரையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் சீனித் தொழிற்சாலையில் இருந்து வருவது. மற்றவர்களுக்கு வாயூறும். நான் கண்ணாடியை மறுபடி ஏற்றிவிட்டேன். ஏனென்றால், அந்த மணத்துக்குள் நின்றுதான் நான் ஒரு குழி தோண்டினேன்.

அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் தேம்ஸ் ஆறு, மறு பக்கம் கப்பல் வராத பழைய டொக். நடுவே ஒடுங்கிய ஒரு நிலத்துண்டு. சீனி, சோப்பு, மாவு, கேபிள் என்று ஒரு காலத்தில் வரிசையாகத் தொழிற்சாலைகள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் அங்கே குடிபோனபோது பாதிக்குக் கண்ணாடி இல்லை, புறாதான் குடியிருந்தது. கப்பலில் வந்து இறங்கி அங்கேயே தங்கிவிட்ட ஆட்களின் பிள்ளைகள் பலர் அந்தத் தெருவில் இருந்தார்கள். ஆகவே புதிதாக ஒரு கறுத்தவன் வந்தது யாருக்கும் புதினமில்லை. பஸ் தரிப்பில் நிற்கும் மொட்டைத் தலை வெள்ளைக்காரப் பொடியன்களுக்கு மட்டும்தான் அது புதினம். அவர்களைக் கண்டால் நான் அடுத்த தரிப்பு வரை நடப்பேன்.

அதற்கு முன்பு பிளேஸ்டோவில் ஏழு ஆண்கள் இருந்த வீட்டில் இருந்தேன். மனைவி மலர் வரப்போகிறாள் என்றதும் தனி வீடு தேடினேன். எங்கள் ஊர்க்காரர் தவம் அண்ணை சில்வர்டவுனில் இருந்த தன் பழைய வீட்டைக் குறைந்த வாடகைக்குத் தந்தார். ஏன் குறைவு என்று முதல் நாள் காலையிலேயே விளங்கியது. டொக்குகளுக்கு நடுவே புதிதாக விமான ஓடுபாதை போட்டிருந்தார்கள். விமானம் எங்கள் புகைபோக்கியை உரசுவது போல இறங்கும். கோப்பைகள் நடுங்கும்.

ஆனால் அப்போது எனக்கு விமானத்துக்குப் பயமில்லை. நான் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தது எண்பத்தாறில். ஹெலிகொப்டர் பார்த்திருக்கிறேன். வீடுகளின் மேல் பொம்மர் விமானம் குண்டு போட்ட காலம் நான் வந்த பிறகு. மலர் அதற்குள்ளேயே இருந்து வந்தவள்.

அவள் வந்த அடுத்த நாள் விமானம் இறங்கியது. அடுப்பில் பருப்பு கொதிக்கிறது, ஆளைக் காணவில்லை. படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் சின்ன அறையில், தூசி உறிஞ்சும் மெசினுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். காதுக்குள் விரல், வாய் திறந்தபடி.

“ஏனப்பா நிக்கிறியள்? படுங்கோ!”

“மலர், அது ஆக்கள் ஏறிப் போற பிளேன்.”

“படுங்கோ எண்டுறன்!”

படுத்தேன். படுத்ததுதான் பிழை. குண்டையே காணாத எனக்கு அன்று பயம் தொற்றியது. முதல் சுற்று இடம் பார்க்க, இரண்டாம் சுற்று போட, குத்தி இறங்கும்போது சத்தம் மாறும் என்று அவள் சொல்லித் தந்தாள். வாயைத் திறந்து வைத்தால் காது வெடிக்காதாம். நான் நல்ல மாணவன். நான் வேலை செய்த சோப்புத் தொழிற்சாலையில் பாரம் தூக்கும் போர்க்லிப்ட் இரைந்தாலும் பெட்டிகளுக்குப் பின்னால் இருந்துவிடுவேன். என்ன தேடுகிறாய் என்று மேற்பார்வையாளர் கேட்டால், “பேனா” என்பேன். என்னிடம் பேனாவே கிடையாது.

மலர் அப்போது பிள்ளைத்தாச்சி. ஒரு நாள் மாடியிலிருந்து ஓடிவந்து படியில் சறுக்கி விழுந்தாள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று டொக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள்:

“பங்கர் இல்லாத வீட்டில என்னெண்டு பிள்ளை பெறுறது?”

“லண்டனிலயும் பதுங்குகுழியோ?”

“ஏன், லண்டன்காரருக்கு உயிர் இல்லையே?”

பக்கத்து வீட்டு ரோனிடம் மண்வெட்டி கேட்டேன். வேலையிழந்த டொக் தொழிலாளி, கிழவன். வேலிக்கு மேலால் சாய்ந்து, புகைத்துக்கொண்டே நான் தோண்டுவதைப் பார்த்தான். எங்கள் ஊரில் அலவாங்கு போட்டுச் சுண்ணாம்புக்கல் உடைக்க வேண்டும். இங்கே மண் கேக் மாதிரி வந்தது. இடுப்பளவில் தண்ணீர் கசிந்தது. ரோன் பேசியதில் எனக்குப் பாதிதான் விளங்கியது. ஜெர்மன்காரன் டொக்குக்குக் குண்டு போட்டபோது அவன் தகப்பனும் இதே மண்ணைத் தோண்டினானாம். தண்ணீர் முழங்கால் வரை வந்ததாம். உட்காரக் கதிரை போடு, கால் நனையாது என்றான். நான் ஏன் தோண்டுகிறேன் என்று அவன் கேட்கவேயில்லை. மண்வெட்டி ஞாயிற்றுக்கிழமைக்குள் திரும்பி வர வேண்டும் என்று மட்டும் சொன்னான்.

தொழிற்சாலையில் எறிந்த மரத்தட்டுகளைக் கொண்டுவந்து குழிக்குள் அடுக்கினேன். மலர் இறங்கி, குந்தி இருந்து பார்த்து, “இது காணும், போதும்” என்றாள். அன்றுதான் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

சனிக்கிழமை காலை தவம் அண்ணை வந்தார். மகளை நடன வகுப்புக்குக் கூட்டிப்போகும் வழி. ஆறு வயதுச் சிறுமி, காலில் சலங்கை. அண்ணை படிக்க வந்து எழுபதுகளிலேயே இங்கு தங்கியவர். கணக்காளர். நல்ல மனிதர், ஆனால் அவர் குரல் உயர்ந்தாலே எனக்கு வியர்க்கும்.

“தம்பி, உமக்கென்ன விசரே? என்ன இது, கிணறோ?”

“பங்கர், அண்ணை.”

“பங்கரோ! கவுன்சில்காரன் கண்டால் என்ரை தலையிலதான் விடியும். பின்னேரத்துக்குள்ள மூடும். இல்லாட்டி வேற வீடு பாரும்.”

“ஓம் அண்ணை” என்றேன். யார் எதைச் சொன்னாலும் நான் சொல்வது அதுதான். பிள்ளைத்தாச்சியோடு எங்கே போவது? திரும்பவும் ஏழு ஆண்களுக்கு நடுவிலா? மண்வெட்டியை எடுத்துவிட்டேன். குசினி வாசலில் மலர் வயிற்றைப் பிடித்தபடி நின்றாள்.

“மூடேலாது” என்றாள். “மூடினால் எனக்குக் கொழும்புக்கு டிக்கெற் எடுத்துத் தாங்கோ. நான் போறன்.”

அண்ணை சிரித்துவிட்டார். “இஞ்ச பிளேன் போகுது, அங்க குண்டு போடுறாங்கள். அங்க போறாவாம்!”

“அங்க பங்கர் கிடக்கு.”

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் போய்விடுவாள் என்று எனக்குத் தெரிந்தது. பொம்மரைவிடப் பெரிய பயம் அப்போதுதான் வந்தது.

அந்த நேரம் ஆற்றுப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. சிறுமி வேலியோரம் ரோனின் நாயோடு விளையாடிக்கொண்டிருந்தாள். மலர் அந்த வயிற்றோடு எப்படி ஓடினாள் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. பிள்ளையை அள்ளிக்கொண்டு சறுக்கிக் குழிக்குள் இறங்கி, அதை மடியில் போட்டு மேலே கவிழ்ந்தாள். சலங்கைச் சத்தம் நின்றது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் குதித்துவிட்டேன். நிலத்துக்கு மேலே நின்றது தவம் அண்ணை மட்டும், கையில் கார்ச் சாவியோடு. விமானத்தின் நிழல் அவர் முகத்தில் ஏறி இறங்கியது.

மலரின் கைக்குள் இருந்து சிறுமி தலையை நீட்டினாள். “அப்பா, நீங்களும் வாங்கோ. இடம் இருக்கு.”

தவம் அண்ணையின் தாயார் அப்போதும் யாழ்ப்பாணத்தில்தான் இருந்தார். அண்ணை நல்ல காற்சட்டையோடு சேற்றில் முழங்கால் போட்டுக் கையை நீட்டினார். முதலில் மலரை ஏற்றினார், பிறகு பிள்ளையை. நானாகவே ஏறினேன். போகும்போது என்னைப் பார்க்காமல் சொன்னார்:

“மழை வரப்போகுது. மேல தகரம் ஏதும் போடும்.”

தகரத்தையும் அவரே காரின் கூரையில் கட்டிக் கொண்டுவந்து தந்தார்.

அன்று பின்னேரம் மலர் முதல் தடவையாகச் சொன்னாள்: “ஊரில பக்கத்து வீட்டுப் பெடியன், பங்கருக்குள்ள இருந்து செருப்பை எடுக்கத் திரும்பிப் போனவன். கூப்பிட்டனான். வரேல்லை.”

நாங்கள் அந்த வீட்டில் இருந்தபோதுதான் மகள் பிறந்தாள். முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்து ஆர்ச்வே முருகனிடம் கொண்டுபோனோம். எந்த விமானம் இறங்கினாலும் எழும்பாத பிள்ளை. மலர் தொட்டிலைப் பார்ப்பாள், கூரையைப் பார்ப்பாள், மறுபடி தொட்டிலைப் பார்ப்பாள். அப்படியே கொஞ்சம் கொஞ்சமாக ஓடுவதை விட்டாள். எனக்கு அதுகூடத் தெரியாது. மழைக்காலத்தில் ஒரு நாள், தகரத்தின் கீழே முழங்கால் தண்ணீரில் வாயைத் திறந்தபடி நான் தனியே குந்தியிருக்கிறேன். குசினியில் இருந்து அவள் குரல் வந்தது.

“இஞ்சருங்கோ, சோறு ஆறுது.”

பிறகு நாங்கள் இல்ஃபோர்ட்டுக்கு வந்துவிட்டோம். ரோன் செத்துப்போனான். சோப்புத் தொழிற்சாலையும் எங்கள் தெருவும் இல்லை. கண்ணாடி வீடுகள் நிற்கின்றன. குழி எந்தக் கட்டிடத்துக்குக் கீழே இருக்கிறது என்று வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தேன், பிடிபடவில்லை. மலரைக் கேட்டால், “எந்தக் குழி?” என்று சிரிக்கிறாள். அவளுடைய பயம் உண்மையாகவே போய்விட்டது. அதற்காக நான் போகாத கோயில் இல்லை. ஆனால் சத்தம் மாறும்போது என்னோடு சேர்ந்து குந்தியிருக்க இப்போது ஒருவரும் இல்லை.

2014 பங்குனி 9, ஞாயிற்றுக்கிழமை.