அத்தான் கொடுத்த டமாஸ்கஸ் கத்தி

எங்கள் சமையலறை இழுப்பறையில் ஒரு கத்தி இருக்கிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், மழைத்தண்ணீர் ஓடிய மணல்போல அலகு முழுக்க வரிகள். என் கல்யாணத்தில் கேக் வெட்டவென்று அக்காவின் கணவர் கொடுத்தது. "டமாஸ்கஸ் ஸ்டீல்மா! ரெண்டு வகை இரும்பை மடிச்சு மடிச்சு அடிச்சது" என்று ஊர் கேட்க அறிவித்தார். அத்தான் கப்பலில் சமையல்காரர். புளுகு மூட்டை என்று உறவே அவரைக் கேலி செய்யும். அவர் தந்த வாட்ச் ஒரே மாதத்தில் நின்றது. சென்ட் பாட்டிலை நான் முகர்ந்துகூடப் பார்க்காமல் வீட்டு வேலைக்கு வந்த அம்மாவிடம் தூக்கிக் கொடுத்துவிட்டேன். கத்தியை மட்டும் நம்பிவிடுவேனா? அக்காவோ, "உங்க அத்தான் பொய் சொல்ல மாட்டார்" என்று அத்தனை பேரிடமும் சண்டை போட்டே காலம் தள்ளியவள்.

என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் ஊரப்பாக்கத்திலிருந்து அக்கா போன் செய்தாள். "அவர் குடுத்த கத்தியாலதான் கேக் வெட்டணும். சிரிச்சவங்க எல்லாம் பாக்கட்டும்." நல்ல காரியத்துக்கு எடுக்கிறோமே, கறுப்புக் கறையோடு எதற்கு என்று, பித்தளைக் குடம் தேய்ப்பதுபோல் புளியும் கம்பி நாரும் போட்டுத் தேய்த்துத் தொலைத்தேன். கழுவினால் வரியைக் காணோம், வெறும் தகடு. ஐயோ, அக்காவுக்கு என்ன சொல்வேன் என்றது ஒரு மனம். பார்த்தாயா, வெறும் சாயம்தான் என்றது இன்னொன்று. இரண்டாவதுதான் சத்தமாகப் பேசியது.

என் வீட்டுக்காரர் காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியின் எலக்ட்ரானிக்ஸ் லேபில் வேலை பார்த்தவர். "உப்புத்தாள் போட்டு இன்னும் வழவழன்னு தேய்ச்சிட்டு, சர்க்யூட் போர்டை அரிக்கிற மருந்துல முக்கலாம். நிஜம்னா ஒரு இரும்பு கறுக்கும், இன்னொண்ணு வெள்ளையா நிக்கும். மேலாக அச்சடிச்சதுன்னா ஒண்ணும் வராது" என்றார். வராவிட்டால் அக்கா தலைகுனிந்து நிற்பாள். இருந்தும், வரக்கூடாது என்று உள்ளுக்குள் ஓர் ஆசை, பொய் சொல்வானேன். இவரே கோடு கீடு இழுத்துவிடுவாரோ என்று பக்கத்தை விட்டு நான் நகரவில்லை. பழுப்பு மருந்திலிருந்து கத்தி கரியாக வெளியே வந்தது. ஆப்பச் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, மெல்லிய தாளால் லேசாகத் தேய்த்தார். வரிகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன.

"போதுமா? இப்பவாவது நம்புறியா?" என்றார்.

ரிசப்ஷனில் அக்கா அந்தக் கத்தியைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள். நான் அத்தானை ஓரமாக அழைத்து, தேய்த்ததையும் மருந்தில் முக்கி எடுத்ததையும் சொல்லி, "ஒரிஜினல்தான் அத்தான்" என்றேன். அவர் முகம் பேயறைந்தது மாதிரி ஆகிவிட்டது.

"ஒரிஜினலா? நெஜமாவா? பிளாட்பாரத்துல பேரம் பேசி வாங்கினதும்மா அது! அக்காகிட்ட சொல்லிடாத."

இன்றுவரை சொல்லவில்லை. அத்தானும் கர்த்தரிடம் போய்விட்டார். கத்திக்கு எண்ணெய் தடவி வைக்கும்போதெல்லாம் இப்போது எனக்கு வேறு சந்தேகம். வேலைக்கு வந்த அந்த அம்மா அத்தானின் சென்ட்டைப் பூசிக்கொண்டு வந்த அன்று, மாடிப்படி வரைக்கும் மணந்ததே!