மச்சான் சொன்ன ஆமீன்

என் நோயை என் மச்சானுக்குக் கொடுத்துவிடும்படி நான் அல்லாஹ்விடம் கேட்டேன். வாய் தவறி வந்ததல்ல. யோசித்து, ஆளைத் தேர்ந்து, பெயர் சொல்லிக் கேட்டேன்.

முகம் சுளிக்கிறீர்களா? சுளியுங்கள், நியாயம்தான்!

கற்பிட்டிப் பக்கம் கருவாடு காயப்போடும் வாடி வைத்திருப்பவன் நான். மையித்து வீட்டில் சாவுக்கு அழுகிற ஆட்களையும் சிரிக்க வைப்பவன் என்று பெயர். யாருக்கு நோய் வந்தாலும் கட்டிலருகில் உட்கார்ந்து, "சபூர் செய்ங்க, அல்லாஹ் சோதிக்கிறான், பெயிலாகிடாதீங்க" என்று பகிடி விடுவேன். பிறர் வலிக்குப் பொறுமை சொல்ல எனக்கென்ன செலவு?

பிறகு ஒரு நாள் சவரம் செய்யும்போது என் கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது.

என் வீரத்தைக் கேளுங்கள்! ஓட்டோக் கண்ணாடி, கடைக் கண்ணாடி, மனைவியின் அலுமாரிக் கண்ணாடி... எதைக் கண்டாலும் கழுத்தை நீட்டினேன். கிழவனுக்கு மாப்பிள்ளை ஆசை வந்துவிட்டது என்று வாடியில் சிரித்தார்கள்.

சதை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வாங்கும் நாளில் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போனவன் ரமீஸ். என் தங்கையின் கணவன். மூன்று பெண்பிள்ளைகளின் வாப்பா. ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் என்னோடு ஒட்டி உட்கார்ந்தான்.

"மச்சான், மனசுக்குள்ள துஆக் கேளுங்க. நான் ஆமீன் சொல்றன்."

ஒருவர் இறைஞ்ச, பக்கத்திலிருப்பவர் 'அப்படியே ஆகட்டும்' என்று ஆமீன் சொல்வது எங்கள் வழக்கம். கையேந்தினேன்.

யா அல்லாஹ், என்னை விட்டுவிடு. யாருக்காவது கொடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால்... இதோ இருக்கிறானே, ரமீஸ்... இவன் தாங்குவான். இவனுக்குத்தான் உன்மேல் நம்பிக்கை அதிகம்!

"ஆமீன்" என்றான் ரமீஸ். கண்ணை மூடி, உருக்கமாக.

கூடப்பிறந்தவளை விதவையாக்கச் சொல்லியிருக்கிறேன், அவள் கணவனையே சாட்சி வைத்து!

என்னுடையது வெறும் கொழுப்புக் கட்டி. ஆடு அறுத்து ஊருக்குச் சோறு கொடுத்தேன். ரமீஸ்தான் ஓடியோடிப் பரிமாறினான். "இவருக்குக் கொழுப்பெண்டு ஊருக்கே தெரியும், அதுக்கேன் டாக்டர்?" என்று என்னையே பகிடி பண்ணினான்.

அடுத்த நோன்பு வருமுன் அவன் தொண்டையில் சோறு இறங்கவில்லை. புற்று.

அல்லாஹ் என் ஏவலாள் அல்லன், தெரியும். என் துஆவுக்கு அத்தனை பலம் என்று நினைப்பதே இன்னொரு திமிர், அதுவும் தெரியும். ஆனால் ஏன் ரமீஸ்? ஏன் நானில்லை? எத்தனை தொழுகையில் கேட்டுவிட்டேன்!

ரமீஸ் அந்தக் கேள்வியைக் கேட்பதேயில்லை. "தந்தவனுக்குத் தெரியும் மச்சான். எனக்குத் தெரியாட்டி என்ன?" என்கிறான். அதைக் கேட்கும்போது எனக்குள் எழுவது மரியாதையா? இல்லை, எரிச்சல்! அவன் கொஞ்சம் அழுதால், யாரையாவது திட்டினால், எனக்கு மூச்சு விட முடியுமே...

போன வெள்ளிக்கிழமை பார்க்கப் போனேன். அவன் குரல் பாதி போய்விட்டது.

"மச்சான், உங்கட துஆவ அண்டைக்கு அல்லாஹ் ஏத்துக்கிட்டான். எனக்கும் ஒருக்காக் கேளுங்களேன்."

தங்கை முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கையேந்தினாள். நானும் ஏந்தினேன்.

"யா அல்லாஹ், இந்த நோயை இவனிடமிருந்து எடுத்து..."

அதற்குமேல் வரவில்லை. எடுத்து எங்கே வைப்பான்? ஏந்திய கைகளில் ஒன்று தானாகவே இறங்கி என் கழுத்தைத் தடவியது.

ரமீஸ் பார்த்துவிட்டான்.

"நுளம்பு கடிக்குதா மச்சான்?"

"ஓம்" என்றேன்.

"புள்ள, ஃபேன மச்சான்ட பக்கம் திருப்பு."

தங்கை திருப்பினாள். வேர்த்துக் கிடந்தவனை விட்டுக் காற்று என்மேல் வந்தது.