தேனில் குழைத்த மருந்து

எண்பதுகளின் கடைசியில், சேலத்துக்கு மேலே மலையில், நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டின் கூலியாட்கள் வசித்த லைன் வீடுகளில் டைபாய்டு தடுப்பு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். ஊசி என்றாலே ஜனங்கள் தோட்டத்துக்குள் மறைந்துவிடுவார்கள். அதனால் விழுங்குகிற மருந்து ஒன்றை எங்கள் ஆய்வுக்கூடம் சோதித்துப் பார்த்தது. பலம் குறைத்த, உயிருள்ள கிருமிகளைக் கேப்சூலில் அடைத்திருந்தார்கள். அந்த உறை இரைப்பையில் கரையாமல் குடலுக்குப் போய்த் திறக்கும். உறையைப் பிரித்தால் கிருமிகள் வயிற்றுப் புளிப்பிலேயே செத்துவிடும். அப்புறம் அது வெறும் மாவுதான்.

மருந்து கெடாமலிருக்க, ஒண்டிக்கடை நிறுத்தத்தில் கலர் சோடா விற்ற பாய் கொடுக்கும் ஐஸைப் பிளாஸ்கில் போட்டுக்கொண்டு காலை பஸ்ஸில் போவேன். அந்தக் குளிரில் ஐஸ் சுமந்து போகிற பைத்தியம் நான் ஒருத்திதான். பெரியவர்கள் மடமடவென்று விழுங்கிவிட்டார்கள். காப்பிப் பழம் பறிக்கும் ஒரு அக்காவின் ஆறு வயது மகனுக்குத்தான் தொண்டையில் இறங்கவே இல்லை. குமட்டிக் குமட்டிக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"நீங்க அடுத்த ஊட்டுக்குப் போங்க டாக்டரம்மா, நான் முழுங்க வெச்சர்றேன்" என்றாள். நான் டாக்டர் இல்லை, லேப்பில் வேலை பார்ப்பவள் என்று சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருந்தேன். திரும்பி வரும்போது பையன் உதட்டை நக்கியபடி சிரிப்பான். ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்த மூன்று கேப்சூலும் இப்படித்தான் போயின. உடைக்கக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தோம். ஏன் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அவனுக்கு டைபாய்டு வந்தது. குடலில் ஓட்டை விழுந்த பிறகுதான் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். பிழைக்கவில்லை.

துக்கம் கேட்கப் போனபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு பொட்டு வீணாக்கலீங்க. கூட்டைப் பிரிச்சு, தேன்ல கொழச்சு நக்க வெச்சனுங்க. கிண்ணத்தக் கழுவி அந்தத் தண்ணியையும் குடுத்தேன். அப்பறமும் ஏனுங்க வந்துச்சு?"

"சில உடம்புக்கு மருந்து கேக்காதுங்கக்கா" என்றேன்.

மேலதிகாரியிடம் நடந்ததைச் சொன்னேன். அவருக்கு என் சங்கடம்கூட இல்லை. "முறையாச் சாப்பிடாத பையன்தானே, கணக்குல சேர்க்க வேண்டாம்" என்றார். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. பெரியவர்கள் தொண்டைக்கு மருந்து செய்தது நாங்கள். கணக்கில் இல்லாமல் போனது அவன்.

சில வருடங்களுக்குப் பிறகு குழந்தைகளுக்கென்று பொடி மருந்து வந்தது. முதலில் தண்ணீரில் ஓர் உப்பைக் கரைக்க வேண்டும். அது வயிற்றுப் புளிப்பை முறித்துவிடும். பிறகு பொடியைக் கலந்து கொடுக்கலாம். அதே லைன் வீடுகளுக்குப் போனேன். அந்த அக்கா சின்ன மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அதற்குள் நான் உப்பைக் கரைத்திருந்தேன். பொடியைக் கொட்டிக் கலக்குவதை மட்டும்தான் அவள் பார்த்தாள்.

"இப்பக் கரைச்சேதான் குடுக்கறீங்களா?"

"ஆமாங்கக்கா."

"அப்ப நான் பண்ணுனது சரிதானுங்க?"

"சரிதாங்கக்கா" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. மகள் குடித்து வைத்த தம்ளரில் தண்ணீர் ஊற்றி அலசி, அதையும் குடிக்க வைத்தாள். தம்ளரை என்னிடம் நீட்டியவள், கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

"அப்பறம் ஏனுங்க அவனுக்கு மட்டும் கேக்கலை?"

வரிசையில் அடுத்த பிள்ளை நின்றது. தம்ளரை வாங்கித் தண்ணீர் ஊற்றி, அவள் பார்க்கப் பார்க்க, பொடிக்கு முன்னால் போட வேண்டிய உப்பைக் கரைக்க ஆரம்பித்தேன்.