நல்லா இருக்கேன் சிஸ்டர்

ஜீவனஹள்ளி சின்னப்பா சுவருக்குப் பெயின்ட் அடிப்பவர். மழை பிடித்துக்கொண்டால் பிரஷ்ஷைத் தொட வழியில்லை. அந்த மாதங்களில் மருந்து சோதிக்கும் இடத்தில் போய்ப் படுப்பார். மிருகங்களுக்குக் கொடுத்துப் பார்த்த புது மருந்தை, நோயில்லாத மனிதர்களுக்கு முதன்முதலாகக் கொஞ்சம் கொடுத்துப் பார்க்கிற இடம் அது. வேளைக்குச் சாப்பாடு, கையில் காசு. நர்ஸ் வந்து உடம்பு எப்படி என்று கேட்டால், "நல்லா இருக்கேன் சிஸ்டர்" என்றுதான் சொல்ல வேண்டும். தலைவலி என்று சொன்னவனை அடுத்த தடவை கூப்பிட மாட்டார்களாம். அங்கே படுப்பவர்களுக்கு அதுதான் வேதம். உண்மையா என்று மட்டும் யாரும் சோதித்துப் பார்த்ததில்லை!

இந்த முறை மாத்திரை விழுங்கிய மறுநாள், கழிப்பறையில் அவருக்குக் கண் இருட்டியது. நெஞ்சு படபடவென்று அடித்தது. ஈசிஜி எடுப்பதற்குள் அடங்கிவிட்டது. வழக்கமான பதிலையே சொல்லிவிட்டு வந்தார்.

வந்தவர் சும்மா இருந்தாரா? மனைவி முத்தம்மாவின் தம்பி அர்ஜுனனையும் அதே மருந்துச் சோதனையில் சேர்த்துவிட்டார். கல்யாணம் வைத்திருக்கிறவன், நாலு காசு பார்க்கட்டுமே. "எது கேட்டாலும் நல்லா இருக்கேன்னு சொல்லுடா, அவ்ளோதான்" என்று பாடமும் நடத்தினார்.

அர்ஜுனனுக்கு மருந்து கொடுக்கும் காலையில், சின்னப்பாவும் கடைசிப் பரிசோதனைக்காக அங்கே போயிருந்தார். டாக்டர் நிருபமா புதியவர்களிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

"முதல்ல சாப்பிட்டவங்க யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்ல. அதனாலதான் உங்களுக்கு டோஸை டபுள் பண்றோம்."

சின்னப்பா பெஞ்சிலிருந்து எழுந்தார். கூடப் படுத்தவர்களில் இன்னும் எத்தனை பேர் மறைத்தார்களோ, கடவுளுக்கே வெளிச்சம். அர்ஜுனன் தண்ணீர் டம்ளரைக் கையில் எடுத்துவிட்டான்.

"மேடம், குடுக்காதீங்க! எனக்குக் கண்ணு இருட்டிக்கினு வந்துச்சு. நெஞ்சு அடிச்சிக்கிச்சு. நான்தான் சொல்லல."

டாக்டரின் முகம் வெளுத்தது. "உங்க வார்த்தைய நம்பித்தானே டோஸை ஏத்துறோம், சின்னப்பா?"

மருந்தை நிறுத்தி, எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். "சும்னே, பேசாம இருந்திருக்கலாம்ல" என்று காசு போன கடுப்பில் ஒருவன் காதுபடவே முணுமுணுத்தான். டாக்டர் சின்னப்பாவைப் பரிசோதித்துவிட்டு, மறுபடி படபடப்பு வந்தால் உடனே வரச் சொன்னார்.

பஸ்ஸில் அர்ஜுனன் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போது சின்னப்பாவுக்கு நெஞ்சு மறுபடி படபடத்தது. நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னய்யா, மூஞ்சி இப்படி வேர்த்துக் கெடக்கு? ஒடம்புக்கு என்னா?" என்றாள் முத்தம்மா.

"நல்லா இருக்கேன்" என்று வாய் தானாகச் சொன்னது.

"நம்பாதக்கா," என்றான் அர்ஜுனன். "ஆட்டோ கூப்பிடு."