பிள்ளையார் சுழியின் எடை

“...அப்போ இனிமே நான் காத்துகினு இருக்க வேணாம். அப்படித்தானே தம்பி?” என்றார் டிசைன் அக்கா. கை மவுசின் மேல் இருந்தது. கண் மட்டும் திரையின் மேல் மூலையிலேயே நின்றது. அந்த மூலையில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாமல் செய்தவன் நான்.

ஆரணியில் பட்டுச் சேலைக்கு பார்டரும் புட்டாவும் வரைந்து கொடுக்கும் சின்ன ஆபீஸ் அது. அக்கா கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைவார். அதைப் பார்த்து அட்டையில் துளை போட்டுத் தறியில் ஏற்றுவார்கள். முன்பு அவருடைய வீட்டுக்காரர் அதையே கிராஃப் தாளில் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தார். மஞ்சள் காமாலையில் அவர் போன பிறகு அந்த நாற்காலியில் அக்கா உட்கார்ந்தார். நான் அங்கே கம்ப்யூட்டர் ரிப்பேருக்குப் போய்வருகிறவன். படித்து வந்த தொழில் இல்லை. பிரித்துப் போட்டு, திட்டு வாங்கி, திரும்ப மாட்டிப் பழகியது.

பெட்டி எங்கேயோ ஒரு ஆபீசில் கழித்துக் கட்டியது. படத்தைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும், திரை வெளுத்துப்போய் நிற்கும். பிறகு மேலிருந்து பட்டை பட்டையாகப் படம் இறங்கும். அதுவரை அக்கா மவுசை விட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். டிசைன் வாங்க வரும் முள்ளிப்பட்டு மேஸ்திரிக்கு வாய் சும்மா இருக்காது. “இன்னாம்மா, உன் பொட்டி கண்ணு முழிக்கறதுக்குள்ள நான் ஊருக்குப் போயி ஒரு தூக்கம் போட்டுட்டு வந்துடலாம் போல கீதே!” என்பார். “வெரட்டுனா பொட்டிக்குக் கோவம் வரும், ஒக்காருங்கண்ணா” என்று அக்கா சிரிப்பார். ஆனால் ஒருநாள் மேஸ்திரி சிரிக்கவில்லை. ஜல்தியாகக் கொடுக்காவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். அக்கா என்னைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தார். “சேத்துப்பட்டுல கல்யாணம். நான் வர்றதுக்குள்ள சரி பண்ணி வை தம்பி. உள்ள இருக்கறது மட்டும் பத்திரம்.”

தெரிந்ததையெல்லாம் செய்தேன். மெமரி ஒன்று கூடுதலாகச் செருகினேன். வேண்டாத எழுத்துருக்களைக் களைந்தேன். வைரஸ் தேடினேன். அசையவில்லை. வெறும் பக்கத்தைத் திறந்தால் ஓடுகிறது, அக்காவின் டிசைனைத் திறந்தால் படுத்துக்கொள்கிறது. அப்படியானால் குற்றம் பெட்டியில் இல்லை என்று, ஒரு டிசைனில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். கொடியை எடுத்தேன், அன்னத்தை எடுத்தேன், பயனில்லை. கடைசியில் மூலையில் கடுகளவு ஒரு கறுப்புப் புள்ளி. அதை எடுத்ததும் பெட்டி பறந்தது! எல்லா டிசைனிலும் அதே மூலையில் அதே புள்ளி. பெரிதாக்கிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஏதோ அழுக்கு என்று எல்லாவற்றிலிருந்தும் அழித்தேன். பெயரில்லாமல் தனியாகக் கிடந்த ஒரு பெரிய படத்தையும் தூக்கினேன். குப்பைத்தொட்டியைக் காலி செய்து, டிஸ்க்கை ஒழுங்கு செய்து, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு காத்திருந்தேன்.

அக்கா வந்தார். கல்யாண வீட்டுப் பூ இன்னும் தலையில் இருந்தது. ஒரு டிசைனைத் திறந்தவர், “மூலையில இருந்தது இன்னா ஆச்சு?” என்றார்.

“அதாங்க்கா இத்தினி நாளா இழுத்துகினு இருந்தது. ஏதோ அழுக்கு.”

“அழுக்கு இல்ல தம்பி. மாமா போட்ட சுழி.”

நம் ஊரில் மளிகைச் சீட்டுக்கே பிள்ளையார் சுழி போடாமல் கை ஓடாது. அக்கா தன் கையால் போடவில்லை. கணவர் கடைசியாக வரைந்து, பாதியில் விட்ட மயில் பார்டரின் தாளில் அவர் போட்ட சுழி இருந்தது. அக்கா பெட்டியையே வேலூருக்குத் தூக்கிப்போய் அந்தத் தாளை ஸ்கேன் செய்து வந்து, ஒவ்வொரு புது டிசைனிலும் முதலில் அதை வைத்து, கடுகளவுக்குச் சுருக்கி, அதன் பிறகுதான் வேலையைத் தொடங்குவார். சுருக்கினால் கண்ணுக்குத்தான் சிறிது. பெட்டி முழுத் தாளையும் சுமக்க வேண்டும். அசல் தாளைக் கரையான் தின்றுவிட்டது. ஃப்ளாப்பியில் ஏறாத அளவு பெரிய படம் என்பதால் நகலும் இல்லை. டிஸ்க்கை நான் ஒழுங்கு செய்துவிட்டதால் அழித்ததை மீட்கவும் வழியில்லை. புள்ளியைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் சுழி வருமாம். அதற்குக் கீழே மயில் வருமாம், அழித்து அழித்து வரைந்த பென்சில் கோடுகளோடு. திரை வெளுத்து நிற்கும்போதெல்லாம் அவர்தான் வந்துகொண்டிருக்கிறார் என்று அக்கா உட்கார்ந்திருந்திருக்கிறார்.

இன்று என் கடையில் எந்தப் படமும் கண் சிமிட்டும் முன் வந்து நிற்கிறது. எதையும் அழிக்கும் முன், அது எத்தனை சின்னதாக இருந்தாலும், பெரிதாக்கிப் பார்த்துவிடுகிறேன். இதுவரை ஒரு மயிலும் வரவில்லை. அப்படிப் பார்க்கும்போது சில சமயம் என் கை தானாக மவுசை விட்டு மடிக்கு இறங்கிவிடும். அது என் பழக்கம் இல்லை.

அன்று, இனிமேல் காத்திருக்க வேண்டாம்தானே என்று அக்கா கேட்டதற்கு நான் “ஆமாங்க்கா” என்றேன். அக்கா மூலையைப் பெரிதாக்கினார். திரை உடனே வந்துவிட்டது, வெறும் வெள்ளையாக. அவர் மவுசை விட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வழக்கமாக எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரமும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.