மருதனின் கார்டு

சாந்தோமில் லெண்டிங் லைப்ரரி நடத்தும் பிரிஸில்லா டீச்சருக்கு வேலையிலிருந்துதான் ஓய்வு; கேள்வி கேட்கும் பழக்கத்துக்கு ஓய்வே இல்லை. பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் வாழும் விளையாட்டுப் பைத்தியங்கள் வந்தால் பெயர் கேட்கமாட்டார். "ஆட்டத்துல நீ யாரு?" என்பார். திருடனாக ஆடுபவளுக்குச் சத்திரம் நடத்தும் சூனியக்காரி கதை. போர்வீரனுக்குச் சூப் காய்ச்சும் டிராகன் கதை. எல்லாமே யாரும் சாகாத, மனசுக்கு இதமான சாகசங்கள். மெம்பர் கார்டிலும் ஆட்டப் பெயரைத்தான் எழுதுவார். அது எப்பேர்ப்பட்ட தப்பு என்பது ஒரு வியாழக்கிழமை மத்தியானம்தான் அவருக்கு உறைத்தது.

'மருதன், வைத்தியன்' என்றொரு கார்டு. ஒரே ஒரு தடவை வந்து சேர்ந்துவிட்டுப் போன ஆள். அப்புறம் வருவதெல்லாம் கொட்டிவாக்கத்திலிருந்து அவன் மனைவி ஜெயபாரதிதான். டீச்சர் ஒவ்வொரு புத்தகத்திலும் 'எப்படி இருந்தது?' என்று ஒரு துண்டுச்சீட்டு வைப்பார். மற்றவர்கள் தொலைத்துவிடுவார்கள், மருதன் தவறாமல் பதில் எழுதுவான். அதனால் அவன்மேல் டீச்சருக்குத் தனிப் பிரியம்.

அன்று ஜெயபாரதி புத்தகத்தைத் திருப்பி வைத்துவிட்டுத் தயங்கி நின்றாள்.

"அவரோட ஃப்ரெண்ட்ஸ் இந்த சனிக்கிழமை மருதனை ஆட்டத்துலேருந்து எடுத்துடப் போறாங்களாம் ஆன்ட்டி. நீங்க கார்டை மட்டும் எடுத்துடாதீங்க."

"ஏம்மா, அவருக்கு ஆட்டம் சலிச்சுப்போச்சா?"

"அவர் போய் ஒன்பது மாசம் ஆச்சு ஆன்ட்டி. பைக் ஆக்ஸிடென்ட். 'மருதனுக்கு இது பிடிக்கும்'னு நீங்க எடுத்துக் குடுக்கறப்போ, அவர் வீட்ல இருக்கற மாதிரியே இருக்கும். அதான் சொல்லல."

டீச்சர் மருதனின் கார்டைக் கையில் எடுத்தார். "அப்போ நீதான் படிச்சு எழுதுனியா?"

"என்ன எழுதுனேன்? நான் பிரிச்சுக்கூடப் பார்த்ததில்ல. அவர் மேஜைல வைப்பேன், டேட் வந்தா எடுத்துட்டு வருவேன். வீட்ல நான் மட்டும்தானே?"

டீச்சர், மருதனின் பதில்களைச் சேர்த்து வைத்திருந்த பிஸ்கட் டின்னைத் திறந்து, சீட்டுகளை மேஜையில் பரப்பினார். ஜெயபாரதியின் முகம் வெளுத்தது. புருஷன் கையெழுத்து அவளுக்குத் தெரியாதா என்ன? தலைக்குமேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு சீட்டும் அசையவில்லை. டீச்சர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

அன்று வந்த புத்தகம் இருவருக்கும் நடுவில் கிடந்தது. தொடவே பயமாக இருந்தது. கடைசியில் டீச்சர்தான் பிரித்து உள்ளேயிருந்த சீட்டை எடுத்தார்.

'நல்லா இருந்தது ஆன்ட்டி. அடுத்து, திரும்பி வராதவன் கதை இருந்தா குடுங்க. எனக்கில்ல. பாரதி படிக்கட்டும்.'

ஜெயபாரதி வாய்விட்டு அழுதாள். டீச்சர் அவளை அழவிட்டு, வெகுநேரம் தேடி ஒரு புத்தகத்தை எடுத்து வந்தார். புதுக் கார்டு ஒன்றை உருவி, பழக்கதோஷத்தில் கேட்டார்.

"ஆட்டத்துல நீ யாரும்மா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் ஆடறதில்ல ஆன்ட்டி. ஜெயபாரதின்னே எழுதுங்க."